அறுபத்திரண்டு கிலோ நானூறு கிராம்

சடையன் தேன்வரைப் பாறையின் உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கி ஒன்பது வருடம் ஆகியும் அந்தக் கயிறு தொய்யவில்லை, ஒன்பது வருடமும் அவன் மேலே வரவில்லை, இந்த இரண்டுக்கும் நடுவே காட்டாத்தித் தொட்டி என்கிற எங்கள் மலையூருக்குத் தார்ச்சாலையும் இரண்டு டீக்கடையும் தண்ணீர் வராத ஒரு பொதுக் கழிப்பறையும் வந்துசேர்ந்துவிட்டதால், இதைத் துக்கச் செய்தியாகச் சொல்ல எங்களில் யாருக்கும் மனம் வருவதில்லை.

மலை வேலை தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் உண்டு. சடையன், மலை வேலையைத் தவிர வேறெதையும் தெரிந்துகொள்ள மாட்டேன் என்று முடிவெடுத்தவன். எந்தக் கொடியை எந்தப் பிறையில் அறுத்தால் நார் இற்றுப்போகாது, மழை எந்தச் சரிவில் முதலில் இறங்கும், யானை போன தடத்தில் எவ்வளவு நேரம் கழித்துக் கால் வைக்கலாம், பாறையில் வெறுங்காலின் எந்த விரல் முதலில் பட வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும், தெரியும் என்பதை நாங்கள் ஒருநாளும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளவும் தெரியும். நைலான் கயிற்றைக் கடைச்சரக்கு என்பான். செருப்புப் போட்டு மலையேறுகிறவனோடு பேச மாட்டான். அவன் இருக்கிற இடத்தில் யாரும் நிம்மதியாக நாலடி நடக்க முடியாது, நடந்தால் எப்படி நடந்தோம் என்று சொல்லிவிடுவான். அவனைப்போல் தேனெடுக்க ஏழு மலையிலும் ஆள் இல்லை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம், பெரும்பாலும் அவன் பக்கத்தில் இல்லாத சமயங்களில்.

தேன்வரையில் தேனெடுக்க எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. இறங்குகிறவனின் கயிற்றை மேலே பிடிக்க வேண்டியவன் அவனுடைய மச்சினன், மனைவியின் கூடப்பிறந்தவன். அண்ணன் தம்பியை நாங்கள் அந்த இடத்தில் நிறுத்துவதில்லை, அண்ணன் தம்பிக்குள் ஆயிரம் இருக்கும். அக்கா தாலியறுக்க எந்தத் தம்பியும் துணியமாட்டான் என்பது எங்கள் நம்பிக்கை. கயிறு பிடிப்பவன் யாரோடும் பேசக் கூடாது, கயிற்றைத் தவிர எதையும் பார்க்கக் கூடாது. இறங்கினவனின் மனைவி எல்லைக்கல்லைத் தாண்டிப் பாறைக்கு வரவே கூடாது. கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தால் இன்னும் விடு, இரண்டு வந்தால் நிறுத்து, மூன்று வந்தால் தூக்கு. மூன்று இழுப்பு வராமல் தூக்கினால் கீழே இருப்பவன் பாறை விளிம்பில் மோதிச் சாவான். மற்றவர்கள் இந்த முறையை ஒரு வழக்கமாக வைத்திருந்தார்கள், சடையன் அதைக் கல்யாண மந்திரம்போல் கேத்தனுக்கு உருப்போட வைத்திருந்தான்.

கேத்தன் சடையனின் மனைவி மாதியின் தம்பி. அப்போது அவனுக்கு இருபத்துமூன்று வயது, ஆடி கழிந்ததும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள், அந்த வாரம்தான் ஒரு ஃபோனும் வாங்கியிருந்தான். எங்கள் தொட்டியில் அப்போது டவர் எடுக்கிற ஒரே இடம் தேன்வரை உச்சி.

பகல் பதினோரு மணி இருக்கும். சடையன் இடுப்பில் கயிற்று வளையத்தை மாட்டிக்கொண்டு, புகைப்பந்தத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, கேத்தன் நிற்கிற லட்சணத்தில் இரண்டு குறை சொல்லிவிட்டு இறங்கினான். கேத்தன் கயிற்றை வேங்கை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு இழுப்பு, ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. அதோடு சரி. மதியம் போயிற்று, வெயில் சாய்ந்தது, மூன்று இழுப்பு வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை. மறுநாள் ஊர்மூப்பன் தொட்டையன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு சுற்றுவழியாக அடிவாரத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தான். நாற்பது ஆள் உயரத்தில் கயிறு தெரிந்தது, வளையம் தெரிந்தது, ஒரு ஆள் உட்கார்ந்தால் எப்படி இறுகி நிற்குமோ அப்படி இறுகி, காற்றுக்கு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. வளையத்துக்குள் ஆள் இல்லை.

"ஆள் தெரியல, கனம் தெரியுது," என்று மூப்பன் மேலே வந்து சொன்னான்.

கனம் இருந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம், ஆள் இருந்தால் மூன்று இழுப்பு வர வேண்டும், வராமல் தூக்கக் கூடாது. இதில் மறுபேச்சுக்கு இடமில்லை. கேத்தன் பிடித்துக்கொண்டே நின்றான்.

முதல் வாரம் நாங்கள் அழுதோம். இரண்டாவது வாரம் மழை வந்ததால் அவன் தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டினோம். மூன்றாவது மாதம் தகரக் கொட்டகை போட்டோம், இரண்டாவது வருடம் தார்ச்சாலையோடு சேர்த்துக் காங்கிரீட் மண்டபமாகக் கட்டி, அதற்குக் கயிறு காப்பாளர் கூடம் என்று பெயர்ப்பலகை வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு வந்த அதிகாரி ரிப்பனை வெட்டக் கத்தரிக்கோலோடு நடந்து வந்தபோது கேத்தன் முகத்தில் ரத்தம் வற்றியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அதிகாரி தன்மேல் உள்ள மரியாதை என்று நினைத்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

மனிதன் ஒரே இடத்தில் நின்றால் அரசாங்கம் அவனைத் தேடி வந்துவிடுகிறது. கணக்கெடுக்க வந்தவர் கேத்தனின் முகவரியை வேங்கை மரத்தடி என்று எழுதிக்கொண்டார். ரேஷன் கடைக்காரர் கைரேகைக் கருவியை மலைமேல் தூக்கிக்கொண்டு வந்து, கயிற்றைப் பிடித்திருந்த விரலுக்கு அடியில் அதை நுழைத்து அழுத்திப் பார்த்தார். நாலு வருடக் கயிறு விரலின் ரேகையை வழித்துவிட்டிருந்தது. அப்படி ஒரு ஆள் இல்லை என்று கருவி சொல்லிவிட்டது.

"மெசினு சொல்லுது, நான் என்னங்க பண்ணட்டும்," என்றார் அவர், ஆள் இல்லாத கேத்தனிடம்.

கல்யாண விஷயம் ஒரு கோடை முழுக்கப் பேசப்பட்டது. தாலி கட்ட இரண்டு கை வேண்டும். முதல் முடிச்சு மாப்பிள்ளை போட வேண்டியது, அடுத்த இரண்டு முடிச்சும் அக்கா போடுவது வழக்கம்தானே, மூன்றையும் அக்காவே போட்டால் என்ன என்று சிலர் கேட்டார்கள். அக்கா எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாதே என்று மூப்பன் ஞாபகப்படுத்தினான். அப்படியென்றால் பெண் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமும் மாப்பிள்ளை அந்தப் பக்கமுமாக இருக்கட்டும் என்று ஒருவன் யோசனை சொன்னான், அவனை உட்காரச் சொன்னோம். அந்தப் பெண் இரண்டு வருடம் பார்த்துவிட்டு, பக்கத்து மலையில் இரண்டு கையும் சும்மா இருக்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். சேதியை யார் கேத்தனிடம் சொல்வது என்று எங்களுக்குள் தயக்கம் இருந்தது, ஆனால் கயிறு பிடிப்பவனிடம் பேசக் கூடாது என்ற முறை இருந்ததால் பிழைத்தோம்.

மாதி தினமும் இரண்டு வேளை எல்லைக்கல் வரை ராகிக்களி கொண்டுவந்து வைப்பாள். டீக்கடை செங்கோடன் அதை மேலே எடுத்துப்போய்க் கேத்தனுக்கு ஊட்டுவான். அக்காவும் தம்பியும் நூறடி தூரத்தில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒன்பது வருடம் இருந்தார்கள். அவள் கீழேயிருந்து சத்தம் போட்டுக் கேட்பாள்.

"டேய், உப்புப் போதுமாடா?"

பதில் வராது. அவன் பேசக் கூடாது. செங்கோடன் தலையை நீட்டி, "போதுங்கறாப்ல," என்பான். அவன் எப்படிக் கண்டுபிடித்தான் என்று அவள் கேட்டதில்லை.

இரண்டாவது வருடம்தான் கீழ்நாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். பெரிய இழுவைத் தராசு ஒன்றைக் கயிற்றில் மாட்டி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டி, அறுபத்திரண்டு கிலோ நானூறு கிராம் என்று அறிவித்தார். பத்திரிகையில் வந்தது. அந்த எண்ணைப் பலகையில் எழுதினோம். ஒரு ஆளின் கனம் கிராம் சுத்தமாகத் தெரிந்துவிட்ட பிறகு அவன் சாமியாவதற்கு அதிக நாள் பிடிப்பதில்லை. தொங்கும் சித்தர் என்று யார் முதலில் சொன்னது என்பதில் செங்கோடனுக்கும் மூப்பனுக்கும் இன்றும் தகராறு உண்டு. வியாழக்கிழமை கூட்டம் வந்தது, கார் வந்தது, கார் நிறுத்த இடம் வேண்டியிருந்தது, சடையனின் ராகிக்காடு சமமாக இருந்தது.

சேதியைக் கேட்டு மாதி சொன்னது இவ்வளவுதான்.

"அறுபத்திரண்டா? போறப்ப அறுபதுதான் இருந்தான். சும்மா தொங்கியே ரெண்டு கிலோ ஏத்தியிருக்கான்."

அவள் விதவை உதவி கேட்டு மனுப்போட்டாள். ஆபீஸில் எதிரே உட்கார்ந்திருந்தவர் மனுவைப் படித்துவிட்டு மேசைக்கண்ணாடிக்கு அடியில் செருகியிருந்த பத்திரிகைத் துண்டைக் காட்டினார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் அறுபத்திரண்டு கிலோ இருக்காரு. என்னைவிட ஆரோக்கியமா இருக்காரு." சரி, வீட்டுத்திட்டத்திலாவது பெயர் சேர்க்கச் சொல்லிக் கேட்டாள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார். அவள் திரும்பி வந்து, எல்லைக்கல்லில் களிச்சட்டியை வைத்துவிட்டு, உச்சியைப் பார்த்து, "கேத்தா, உன் மாமன் செத்தா சொல்லுடா, பொழைச்சா சொல்லாத," என்று சத்தம் போட்டாள். வெளியூர்க்காரர்கள் அதைப் பாட்டு என்று நினைத்துப் படம் எடுத்தார்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஒன்பதாவது வருடம், ஒரு வியாழக்கிழமை, பதினொன்றரை மணி மினிபஸ்ஸில் தொங்கும் சித்தரைப் பார்க்க வந்த கூட்டத்தோடு சடையனும் வந்து இறங்கினான்.

தோளில் ஒரு சாக்குப்பை, அதில் ஒரு அம்மிக்கல். எங்களுக்கு அவனை உடனே அடையாளம் தெரிந்தது. தெரிந்த அந்த நொடியிலேயே தார்ச்சாலையும் டீக்கடைகளும் கார் நிறுத்துமிடமும் சேர்ந்து கண்முன் வந்ததால், நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம். செங்கோடன் மட்டும் காகிதக் கப்பில் டீயை ஊற்றி நீட்டி, "வரிசையில நில்லுங்க சாமி," என்றான்.

"செங்கோடா, என்னைத் தெரியலையா?"

"நெறையப் பேர் வர்றாங்க சாமி."

சடையன் பையை இறக்கிக் கீழே வைத்தான். வைத்ததுதான் தாமதம், மினிபஸ் திரும்பின காற்றுக்கே இரண்டு முழம் தள்ளிப்போனான், பையின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபடி நின்றான். ஈரமண்ணில் எங்கள் கால்தடம் எல்லாம் இருந்தது, பஸ்ஸின் தடம் இருந்தது, ஒரு சேவலின் தடம்கூட இருந்தது, அவன் நின்ற இடம் மழுமழுவென்று கிடந்தது.

அவன் நேராக மூப்பனிடம் போனான். தொட்டையன் நன்கொடை உண்டியலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தான்.

"மூப்பா, நாந்தான் சடையன்."

"சடையன் கீழ இருக்கான்."

"யாரு சொன்னா?"

"கயிறு சொல்லுது. புரொபசர் சொல்றாரு. போர்டு வெச்சிருக்குது, படிச்சுப் பாரு."

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்."

"சடையனுக்கும் தெரியாது," என்றான் மூப்பன், சற்று மனம் இளகி. "அவன் ரொம்பக் கெட்டிக்காரன். உன்ன மாதிரி வெயில்ல அலைய மாட்டான், ஒரு எடத்துல தொங்குவான்."

அதற்குள் யாரோ மாதியிடம் சொல்லிவிட்டார்கள். அவள் களி கிளறின கையோடு வந்தாள். கிட்டே வந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள், அழவில்லை, அவன் நின்ற மண்ணைக் குனிந்து பார்த்தாள். பிறகு அவன் தோளிலிருந்த பையைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, ஒற்றைக் கையால் அவன் இடுப்பைப் பிடித்து, முறத்தைத் தூக்குவதுபோல் தூக்கி, இன்னொரு பக்கம் வைத்தாள்.

"கனத்த எங்க வெச்சிட்டு வந்த?"

"அங்கதான்," என்று சடையன் பாறையைக் காட்டினான்.

அவன் சொன்னதை நாங்கள் கேட்காத மாதிரி நின்று கேட்டோம். கீழே தேனடையைத் தொட்டுக்கொண்டிருந்த சமயத்தில் மேலே ஒரு ஃபோன் மணியடித்திருக்கிறது. அடித்தது நின்றிருக்கிறது. கேத்தன் பேசுகிற சத்தம் கேட்டிருக்கிறது. கயிறு ஒரு சாண் சரக்கென்று இறங்கியிருக்கிறது. ஒரு சாண்தான், உடனே நின்றுவிட்டது. ஆனால் கயிறு பிடித்துக்கொண்டு ஃபோன் பேசுகிறவனை நம்பி ஒரு நிமிஷம்கூடத் தொங்க மாட்டேன் என்று சடையன் அங்கேயே வளையத்தைக் கழற்றி, பாறைப் பிளவில் கால் வைத்து, வெறுங்கையால் பாறையைப் பற்றியே அடிவாரம் வரை இறங்கி, யாரிடமும் சொல்லாமல் கீழ்நாட்டுக்குப் போய்விட்டான்.

"எறங்கறப்பவே ஒடம்பு லேசாத்தான் இருந்துச்சு. கோவத்துல அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"ஒம்பது வருசமா கோவம்?"

"அஞ்சு வருசம் கோவம். அப்புறம், இத்தன நாள் கழிச்சுப் போனா என்ன சொல்றதுன்னு கூச்சம்."

ரயில் நிலையத்து எடைக்கருவியில் ஏறி நின்றிருக்கிறான். அட்டை வந்தது, எடை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது, பின்பக்கம் உங்களுக்கு நல்ல காலம் பிறக்கும் என்று அச்சடித்திருப்பதாக ஒருவர் படித்துச் சொல்லியிருக்கிறார். எந்த வேலையிலும் நிற்க முடியவில்லை, நிற்பதே கஷ்டமாக இருந்தது. அம்மி கொத்துகிறவர்களிடம் ஒரு கல்லை வாங்கிக்கொண்டு அதோடு நடந்தான். இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். போன மாதம் ஒரு சின்னக் கரட்டுக் குன்றில் ஏறிப் பார்த்தானாம். கல்லோடு ஏறினால் கல் பின்னுக்கு இழுத்தது, கல் இல்லாமல் ஏறினால் எந்தப் பாறையும் அவன் காலைப் பிடிக்கவில்லை. சரிந்து விழவும் முடியாமல் காற்றில் நின்றிருக்கிறான். உலகத்தில் எல்லோர் நடையிலும் குறை கண்டுபிடித்தவனுக்கு நடக்கக் கால் பாவவில்லை.

"என் கனம் எனக்கு வேணும் மாதி. அது இல்லாம மலை என்னச் சேத்துக்காது."

"மலையா?" என்றாள் மாதி. "வா. அங்க ஒருத்தன் நிக்கிறான், மொதல்ல அவனப் போய்ப் பாரு."

எல்லைக்கல் வரை அவளும் வந்தாள், அங்கேயே நின்றுகொண்டாள். சடையன் அம்மியை உச்சி வரை சுமந்துபோய், மண்டபத்துக்குள் கேத்தனின் முதுகுக்குப் பின்னால் இறக்கினான். கேத்தன் திரும்பவில்லை. திரும்பக் கூடாது. அவனுக்கு முப்பத்திரண்டு வயது, பின்னந்தலை பாதி நரைத்திருந்தது, இரண்டு உள்ளங்கையும் கயிற்றைச் சுற்றி வேர்போல் மூடியிருந்தன.

"மாப்ள, கயிற விடு."

ஒன்பது வருடம் பேசாத தொண்டையிலிருந்து குரல் வரக் கொஞ்சநேரம் ஆயிற்று.

"மூணு இழுப்பு வரல மாமா."

"நான் இங்க நிக்கிறேன்டா."

"கனம் அங்க இருக்குது."

சடையன் அம்மிமேல் உட்கார்ந்தான். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அன்னைக்கு யாரு ஃபோனு?"

"கஸ்டமர் கேரு."

"என்ன வேணுமாம்?"

"காலர் டியூன் வைக்கறீங்களான்னு கேட்டாங்க. தமிழுக்கு ஒண்ண அமுக்குங்கன்னாங்க."

"அமுக்குனியா?"

"அமுக்குனேன். வலது கை. ஒரே ஒரு தடவ. அப்பறம் எடுத்த கைய வெச்சவன்தான் மாமா."

நாங்கள் ஒன்பது வருடமாக அவனுடைய பக்தி என்று கீழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்த விஷயத்தின் பெயர் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. சடையன் தலையைக் குனிந்துகொண்டு, இப்படி நிற்கிறவனின் நிலையில் எந்தக் குறையும் கண்டுபிடிக்க முடியாமல், தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூப்பன் ஊரைக் கூட்டினான். கயிற்றை அறுத்துவிட்டால் அறுபத்திரண்டு கிலோ கீழே விழுந்து என்னாகுமோ யாருக்கும் தெரியாது என்று ஒருவர் சொன்னார். தூக்கலாம் என்றால் மூன்று இழுப்பு கீழேயிருந்து வர வேண்டும், இழுக்க வேண்டியவன் மேலே நிற்கிறான் என்றார் இன்னொருவர். அடுத்த வியாழக்கிழமை பெரிய பூசை இருக்கிறது, வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள், அதற்கப்புறம் ஆற அமரப் பேசிக்கொள்ளலாம் என்றான் செங்கோடன். வந்திருப்பவன் சடையன்தானா என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும், அதற்கு ஒரு குழு போடலாம் என்று மூப்பன் சொன்னான். குழுவில் யார் யார் என்று பேசிக்கொண்டிருந்தபோது சடையன் எழுந்தான்.

"கீழேர்ந்து மூணு இழுப்பு வந்தா தூக்குவியா மாப்ள?"

"வந்தா தூக்குவேன் மாமா."

சடையன் அம்மியை அங்கேயே விட்டுவிட்டு விளிம்புக்குப் போனான். கல் இல்லாததால் அவன் பாதம் பாறைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, படிக்கட்டில் இறங்குகிறவன்போல் வெளியே காலை வைத்தான். பஞ்சு இறங்குகிற மாதிரி இறங்கினான். பெருந்தேனீக்கள் அவனைச் சுற்றி வந்து, வந்தது ஆள்தானா என்று தீர்மானிக்க முடியாமல் விலகின. விளிம்பின் வளைவுக்குக் கீழே போனபிறகு எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது லேசாக அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

"தூக்காத," என்றான் மூப்பன். "குழு இன்னும் போடல."

கேத்தன் தூக்கத் தொடங்கியிருந்தான். கைகள் மூடியபடியே உறைந்து கிடந்ததால் பிடியை மாற்ற முடியவில்லை. மூடின கையோடு கயிற்றைத் தோளில் சுற்றி, வேங்கை மரத்தைச் சுற்றிப் பின்னோக்கி நடந்தான். ஒரு முழம் ஏறும், அரை முழம் இறங்கும். மச்சினன் தவிர வேறு யாரும் கயிற்றைத் தொடக் கூடாது என்ற முறையை அப்போது எங்களில் நாற்பது பேர் ஒரே சமயத்தில் நினைவுகூர்ந்தோம். முறை என்றால் முறைதான். நாற்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

மாதி எல்லைக்கல்லைத் தாண்டி வருவதை முதலில் பார்த்தவன் செங்கோடன்.

"அக்கா, நீ வரக் கூடாது."

"தள்ளுடா. உப்புப் போதுங்கறாப்லயாம்."

ஒன்பது வருடத்துக்குப் பிறகு தம்பியின் முகத்தை அவள் பார்த்தாள், பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அவனுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து மரத்தை எத்தனை தடவை சுற்றினார்கள் என்று யாரும் எண்ணவில்லை. விளிம்பில் முதலில் ஒரு கை வந்தது, பிறகு தலை, பிறகு வளையத்துக்குள் இறுக உட்கார்ந்திருந்த இடுப்பு. சடையன் வலது காலைப் பாறைமேல் ஊன்றினான். அவன் காலடியில் ஒரு கல் பெயர்ந்து கீழே உருண்டு, அது போய் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவன் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டான்.

பிறகு கண்ணைத் திறந்து, தரையில் கிடந்த மச்சினனைப் பார்த்து, "கயித்தத் தோள்ல போட்டுத் தூக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்," என்றான். கேத்தன் படுத்தபடியே சிரித்தான். மாதி இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே தம்பியின் மூடின கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கேத்தனின் விரல்கள் விரிய நாற்பது நாள் ஆயிற்று. தினமும் எண்ணெய் போட்டு நீவி, ஒவ்வொரு விரலாக அவள்தான் பிரித்தாளாம். ஆளில்லை என்று சொன்ன கருவி இன்னும் அப்படித்தான் சொல்கிறது. மூன்று பேரும் கிழக்குச் சரிவுக்குக் குடிபோய்விட்டார்கள், அங்கே ஒரு பாறைவரையில் தேனெடுக்கிறார்கள். சடையன் இறங்குகிறான், கேத்தன் பிடிக்கிறான். கேத்தனுக்குப் பக்கத்து மலையில் இப்போது இரண்டு பிள்ளைகளோடு இருக்கிற அந்தப் பழைய பெண்ணின் தங்கையைப் பார்த்திருப்பதாகப் பேச்சு. சடையன் அவள் நடக்கிற விதத்தில் ஒரு குறை சொன்னதாகவும் பேச்சு.

எங்களுக்குத்தான் அடுத்த வியாழக்கிழமை இருந்தது. பெரிய ஆட்கள் வருகிறார்கள், கயிறோ பாம்புச் சட்டைபோல் சுருண்டு கிடக்கிறது. மூப்பன் மண்டபத்துக்குள் நின்று சுற்றிலும் பார்த்தான். சடையன் விட்டுப்போன அம்மிக்கல் இருந்தது. அதை வளையத்தில் கட்டி இறக்கினோம். கயிறு இறுகியது, பூசை நன்றாக நடந்தது. பேராசிரியர் மறுபடி வந்து தராசை மாட்டி, முப்பத்தோரு கிலோ என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, சித்தர் விரதத்தில் இருக்கிறார் என்று பலகையில் எழுதினோம். கூட்டம் இரண்டு மடங்காயிற்று.

மச்சினன் இல்லாத கல்லுக்கு யார் கயிறு பிடிப்பது என்ற கேள்வி வந்தது. வீட்டுக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டோம். யாரோடும் பேசக் கூடாது, கயிற்றைத் தவிர எதையும் பார்க்கக் கூடாது. மற்ற நாட்களில் நான் கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கிறேன், இந்த வாரம் என் முறை.

நேற்று மத்தியானம், எதிரே பெரிய வரிசை நின்றுகொண்டிருந்தபோது, கயிறு ஒருமுறை இழுபட்டது. காற்று என்று நினைத்தேன். இரண்டாவது முறை இழுபட்டது. மூன்றாவது முறை இழுபட்டபோது உண்டியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூப்பனைப் பார்த்தேன், அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். போன வாரம் பிடித்தவனைப் பார்த்தேன். அவனும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.